இசோகாமி நீதிமன்றத்தின் நடைவழி

தோக்கியோ
ஜனவரி 14, 2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டு பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வாழ்த்து அட்டையைத் தவிர ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இசோகாமியில் பனி இடுப்பளவு என்று செய்தியில் காட்டினார்கள். கூரைப் பனியைத் தள்ள அத்தான் ஏறுகிறாரா? ஐம்பத்தொன்பது வயதில் ஏணி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஒரு சந்தோஷச் செய்தி. நம் ஊர் நீதிமன்றத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. அதை வரையும் வேலை எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்போமே, அந்தச் சாம்பல் நிற இரண்டு மாடி. அதற்குப் பக்கத்துக் காலி இடத்தில் புதியது எழும்பும், பிறகு பழையதை இடிப்பார்கள். நம் ஊர்க்காரன் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார் எங்கள் முதலாளி செகிமோத்தோ.

முதல் கூட்டத்திலேயே அவர் ஒன்று கேட்டார். ‘இங்க யாராவது கோர்ட்டு வாசல்ல பயந்துகிட்டு உக்காந்திருக்கீங்களா?’ ஒன்பது பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை. ‘அப்ப ஒருத்தருக்கும் தெரியாத வீட்டத்தான் வரையப் போறோம். நல்லாத்தான் இருக்கும்’ என்று எழுந்து போய்விட்டார்.

உனக்கு அது பத்து நிமிட நடை. விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு எழுது அக்கா. எந்தக் கதவால் வருகிறார்கள், எங்கே காத்திருக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள். கட்டடக்காரனின் கண் வேண்டாம், உன் கண் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

கியோஹிகோ


இசோகாமி
ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குப் பனியைக் காரணம் சொல்லிக்கொள்கிறேன். என் மூட்டு குளிருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்கிறது. அத்தான் சௌக்கியம். இப்போது பஸ் ஓட்டவில்லை, டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். முதுகுக்கு நல்லது. இதைப் பற்றிப் போனில் அவரிடம் கேட்காதே, பிடிக்காது.

நீ கேட்டபடி நீதிமன்றத்துக்கு ஒருநாள் போனேன்.

வாசலில் ஐந்து படிகள். கைப்பிடி ஏறும்போது வலப்பக்கம் மட்டும் இருக்கிறது. ஏறும்போது எல்லாருக்கும் கால் பலமாகத்தான் இருக்கிறது. இறங்கும்போதுதான் பிடிக்க ஏதாவது வேண்டியிருக்கிறது, அப்போது அது இடக்கைப் பக்கம் போய்விடுகிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு பலகை. அன்றைய வழக்குகளைப் பெயரோடு தட்டச்சு செய்து குத்தியிருக்கிறார்கள். பெயரைத் தேடுகிறவர்கள் தேடாததுபோல நின்று படிக்கிறார்கள்.

அதைத் தாண்டினால் நடைவழி. என் காலால் இருபத்திரண்டு அடி வைக்க வேண்டும். சுவரோரம் ஒரே ஒரு நீளப் பெஞ்சு, பழுப்பு ரெக்ஸின். எட்டுப் பேர் உட்காரலாம், ஆனால் நான்கு பேர்தான் உட்காருகிறார்கள், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இடம் விட்டு. கணப்பு ஒரு கோடியில். மறு கோடியில் சாத்தாத ஜன்னல். பிந்தி வருகிறவர்களுக்கு ஜன்னல் பக்கம்தான். கழிப்பறை கடைசியில் இருப்பதால் அங்கே போகிறவர் உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய முழங்காலையும் கடந்து போக வேண்டும். யாரைப் பார்க்க முடியாமல் தலை குனிந்திருக்கிறோமோ அவர் முழங்காலையும்தான். முதலில் இதை மாற்று.

உலர்ந்த கணவாய் மீன் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். குளிர் விலகும்வரை கழுத்தை மூடிக்கொள்.

அக்கா ஃபுசாயோ


தோக்கியோ
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பிளம் மரம் இரண்டு பூ விட்டிருக்கிறது, காற்று மட்டும் இன்னும் கடிக்கிறது. கணவாயை அலுவலகத்திலேயே தீர்த்துவிட்டார்கள். அத்தானின் முதுகு தேவலையா? நான் கேட்கவில்லை, நீயே சொல்.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். செகிமோத்தோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ‘உங்கக்கா ஒரே நாள்ல இவ்வளவும் பார்த்தாங்களா? நம்ம ஆளுங்க ஒரு மாசம் அளந்தாலும் முழங்கால் கணக்கு வராதுய்யா!’

நீதிமன்றம் என்பது மூன்று சாலைகள் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நீதிபதி வரும் வழி, காவலில் இருப்பவரைக் கொண்டுவரும் வழி, பொதுமக்கள் வழி. மூன்றும் விசாரணை அறைக்குள் மட்டும்தான் சேர வேண்டும். ஆனால் காவலில் இல்லாத குற்றம்சாட்டப்பட்டவர் வீட்டிலிருந்துதானே வருவார்? அவர் உன் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். எதிர்த் தரப்பும் அங்கேயேதானா? இந்த முறை அறைக்குள் போய்ப் பார்த்து எழுது. யார் எங்கே உட்காருகிறார்கள், யாருக்கு யார் முகம் தெரிகிறது.

நீதிபதி மேடையின் உயரத்தைப் பற்றி இங்கே ஒரே சண்டை. சின்னவர்கள் மேடையே வேண்டாம், எல்லாரும் சமமாக உட்காரட்டும் என்கிறார்கள். ‘மேடைய இறக்கிட்டா நீதிபதி இறங்கி வந்துருவாரா?’ என்கிறார் செகிமோத்தோ. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. இப்போதைக்கு முப்பது சென்டிமீட்டர் போட்டிருக்கிறேன்.

ஜலதோஷம் பிடிக்காமல் இரு. உன் அடுத்த கடிதத்துக்கு ஒன்பது பேர் காத்திருக்கிறோம்.

கியோஹிகோ


இசோகாமி
மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே பனி உருகிக் கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது. அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார். நானும் நலம்தான். ஒன்பது பேர் காத்திருப்பதாக எழுதியிருந்தாய். என் கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீ படித்து வேண்டியதை மட்டும் சொல்.

அறைக்குள் போனேன். நீதிபதி நாற்பது வயதுப் பெண். எழுதும்போது உதட்டைக் கடிக்கிறார். அவர் உயரத்தில் இருப்பது எனக்குத் தொந்தரவாக இல்லை. யாராவது ஒருவர் எல்லாரையும் பார்க்கத்தானே வேண்டும்.

அவருக்கு இடமும் வலமுமாக வக்கீல்கள். குற்றம்சாட்டப்பட்டவர் பேசும் முறை வந்தால் நடுவில் போய் நீதிபதியைப் பார்த்து நிற்கிறார். பின்னால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம். நமக்குத் தெரிவது முதுகு மட்டும். என்ன முகத்தோடு சொல்கிறார் என்று வீட்டாருக்கும் தெரியாது, இறந்தவரின் வீட்டாருக்கும் தெரியாது. கோட்டின் நடுத் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்ட பெஞ்சு விஷயம். ஒரு விபத்து வழக்கு நடக்கிறது. இறந்துபோனது இருபத்திரண்டு வயதுப் பெண். அவளுடைய அப்பா ஒவ்வொரு முறையும் வருகிறார். நிஷியோகா என்று பெயர், கூரை ஓடு வேய்கிறவர். விரல் நகமெல்லாம் கறுத்திருக்கிறது. மகளின் படத்தை ஊதாத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார். அதே பெஞ்சின் மறு கோடியில் வண்டி ஓட்டியவரும் அவர் மனைவியும். ஆமாம், அங்கேயேதான். வேறு இடம் கிடையாது. நிஷியோகா எப்போதும் முதலில் வந்துவிடுவார், வந்தாலும் கணப்புப் பக்கம் உட்காருவதில்லை. ஜன்னல் பக்கம் போய்விடுவார். சூடான இடம் அந்த இரண்டு பேருக்கும் மிஞ்சுகிறது. அதில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மனைவியைப் பார்த்தால் தெரிகிறது.

வேலையே கதி என்று இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

ஃபுசாயோ


தோக்கியோ
மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி மொட்டுகள் இந்த வாரமே வெடித்துவிடும் என்கிறார்கள். உன் குரல் போனில் கரகரப்பாக இருந்தது, மருந்து சாப்பிடு. அத்தானைக் கூப்பிட்டபோது ‘இரு, அக்கா கிட்ட தர்றேன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். என்மேல் ஏதாவது வருத்தமா?

உன் கடிதம் படித்த அன்றே பெஞ்சை எடுத்துவிட்டேன். புதிய கட்டடத்தில் இரண்டு காத்திருப்பு அறைகள். ஒன்று இழந்தவர்களுக்கு, ஒன்று குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அவர் வீட்டாருக்கும். தனித்தனி நடைவழி, தனித்தனிக் கழிப்பறை. கூப்பிடும்வரை ஒருவர் கண்ணில் ஒருவர் படவே தேவையில்லை. அந்த அப்பாவும் அந்த மனைவியும் இனி ஒரே கணப்புக்காகச் சங்கடப்பட வேண்டாம். செகிமோத்தோ வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘யாரும் யார் மேலயும் மோதல. அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு’ என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வருவதே பெரிது.

இது முழுக்க உன்னால் வந்த மாற்றம் அக்கா. எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

உடம்பை விடாதே.

கியோஹிகோ


இசோகாமி
ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பக்கம் செர்ரி போன வாரம்தான் பூத்தது, இரண்டே நாள் மழையில் எல்லாம் கீழே. நாங்கள் இருவரும் இருக்கிறோம். அத்தானுக்கு உன்மேல் வருத்தம் ஒன்றுமில்லை.

இரண்டு அறை வைப்பதற்கு முன்னால் இதைப் படி. ஏப்ரல் இருபத்திநான்காம் தேதி நடந்தது.

முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நடைவழியில் அந்த மூன்று பேர் மட்டும். வண்டி ஓட்டியவரின் வக்கீல் போன் பேச வெளியே போயிருந்தார். எதிர்த் தரப்போடு பேசக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு நிஷியோகா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

‘என் பொண்ணு உங்களப் பார்த்தாளா?’

படத்தின்மேல் துணியைச் சரிசெய்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

‘உள்ள நான் கேக்கக் கூடாதாம். கேக்கறதெல்லாம் அரசு வக்கீல்தானாம். அவரும் இதக் கேக்க மாட்டேங்கறாரு. அதான் இங்க கேக்கறேன். அவ உங்களப் பார்த்தாளா?’

அந்த மனைவி கணவனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் அதை மெதுவாக விலக்கிவிட்டார்.

‘பார்த்தாங்க ஐயா. தலைய லேசா சாய்ச்சாங்க. வழி விட்டதுக்கு நன்றி சொல்ற மாதிரி.’

‘அப்ப அவ ஓடலையா?’

‘ஓடல. நடந்துதான் வந்தாங்க.’

‘நடக்கறவங்க விளக்கு விட்டு விட்டு எரிஞ்சுது, குடுகுடுன்னு ஓடி வந்தாள்னு எழுதியிருக்கே?’

‘அப்படிச் சொல்லச் சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன். அவங்களுக்குப் பச்சைதான் எரிஞ்சுது. அவங்க நிக்கறாங்கன்னு நினைச்சு நான் கடிகாரத்தப் பார்த்தேன். நாலு நிமிஷம் லேட்டு. வண்டி நகர்ந்துட்டே இருந்துச்சு.’

நிஷியோகா படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். ‘அஞ்சு மாசமா ஊரே அவ ஓடினாள்ங்குது. ரோட்டுல ஓடாதேன்னு நான் அடிச்சு வளர்த்த புள்ள. ஏன் ஓடினா, யாரப் பார்க்க ஓடினான்னு நானும் அவங்கம்மாவும் மண்டைய உடைச்சுக்கறோம்...’ உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று அந்த மனிதர் நடுவில் போய் நின்று முன்பு சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னார். அவருடைய வக்கீல் காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார், மறுபடி அடுக்கினார்.

நடைவழியைப் பிரிக்காதே கியோஹிகோ. கழிப்பறையை மட்டும் மாற்று. அந்த அப்பாவுக்குக் கேட்க வேறு இடம் இருந்திருக்காது.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு படுக்காதே.

ஃபுசாயோ


தோக்கியோ
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. பதில் எழுத நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு. நான் நலம்.

போன திங்களன்று இடம் அளக்க இசோகாமி வந்தேன். அன்றே திரும்ப வேண்டியிருந்ததால் வீட்டுப் பக்கம் வர முடியவில்லை.

நடைவழியை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பெஞ்சில் உட்காரும் மனைவியைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அவளுக்கு உடன்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? கூட உட்கார ஆள் வந்தால் அவளுக்கு நன்றாக இருக்குமா, இல்லை, யாரும் பார்க்காமல் இருப்பதே நல்லதென்று நினைப்பாளா?

இதற்கு மட்டும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. அத்தானையும்.

கியோஹிகோ


இசோகாமி
ஜூலை 20

கியோஹிகோ,

வெயில் ஏறிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் தேதி தீர்ப்பு. ஒரு வருடம் நான்கு மாதம் சிறை. தண்டனையை நிறுத்தி வைக்கவில்லை. ஆள் ஏற்றிப் போகும் வண்டியை ஓட்டுகிறவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி. ஐந்து மாதம் இறந்தவள்மேல் பழியைப் போட்டதையும் சேர்த்துக்கொண்டார். பழைய கதையையே பிடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று வக்கீல் படியில் இறங்கும்போது சொன்னார். என்னிடம் அல்ல, பக்கத்தில் வந்த பஸ் கம்பெனி ஆளிடம்.

போன நவம்பரில் நடந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அத்தான் யசுஹாரு சத்தியம் வாங்கிக்கொண்டார். ‘அவன் நம்ம குடும்பத்துலயே படிச்சு மேல வந்தவன், அவன் காதுக்குப் போக வேணாம்’ என்றார். ஜனவரியில் நீ அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார் என்று எழுதியபோது முதல் விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தக் குளிர்காலத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

ஜூன் நாலாம் தேதி நீ வந்ததைப் பெஞ்சிலிருந்து பார்த்தேன். நீல மழைக்கோட்டு, கையில் அளவு நாடா. பலகையைப் படித்தாய். அப்படியே நின்றாய். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாய். நடைவழியில் இருபத்திரண்டு அடி வைத்திருந்தால் என் பக்கத்தில் வந்திருக்கலாம்.

உன் கேள்விக்குப் பதில். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

சுவர் வை. கனமான சுவராக வை. ஏப்ரலில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு. சுவர் இருந்திருந்தால் அவர் இன்று வீட்டில் இருந்திருப்பார்.

ஃபுசாயோ


தோக்கியோ
ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வெக்கையில் தனியாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பலகையில் அத்தானின் பெயரைப் படித்ததும் முதலில் என் மனதில் வந்தது நீ இல்லை. இந்த வேலை கையை விட்டுப் போய்விடுமே என்பதுதான். உன்னைப் பற்றிய நினைப்பு இரண்டாவதாக வந்தது, அதற்குள் நான் ரயில் நிலையத்தில் இருந்தேன். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் செகிமோத்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும்யா’ என்று கோபித்தார். நீதிமன்றக் கட்டடப் பிரிவுக்கு அவரே போய்ச் சொன்னார். வழக்கு முடிந்துவிட்டதால் நான் வரையலாம், கூட்டங்களுக்கு மட்டும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து என் மேசையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை வைத்துவிட்டு, ‘அப்ப ஒரு ஆளு கை தூக்கியிருக்கலாம்’ என்றார்.

சுவர் வரைந்துவிட்டேன். இருபது சென்டிமீட்டர் கான்கிரீட். அந்தப் பக்கம் அழுதால் இந்தப் பக்கம் கேட்காது.

நான் வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது.

கியோஹிகோ


தோக்கியோ
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்றும் இல்லை. குளிர் வந்துவிட்டது, ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்.

நேற்று அத்தானைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். மெலிந்திருக்கிறார், முகம் தெளிவாக இருக்கிறது. தோட்ட வேலை கேட்டு வாங்கிக்கொண்டாராம், முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். எங்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பலகை, பேசுவதற்கு ஓட்டைகள்.

‘இத யாரு மாப்பிள்ளை வரைஞ்சது? ஓட்டை உசரம் சரியில்ல. குனிஞ்சே பேச வேண்டியிருக்கு’ என்று ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ‘அத உங்கக்காகிட்ட வச்சுக்கோ. எங்கிட்ட வேற ஏதாவது பேசு’ என்றார். அதனால் நடைவழியைப் பற்றிப் பேசினேன்.

‘அந்தப் பெஞ்சு இல்லாம இருந்திருந்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்கன்னு அக்கா சொல்றா, அத்தான்.’

‘பெஞ்சு என்ன பண்ணுச்சு? அந்த மனுஷன் கேட்டாரு. அவ்வளவுதான்.’

‘சுவர் இருந்தா கேட்டிருக்க மாட்டாரே.’

‘கேட்டிருக்க மாட்டாரு. நானும் ஓடினாங்கன்னே சொல்லிட்டு வீட்டுக்கு வந்து உங்கக்கா போட்ட முள்ளங்கி ஊறுகாயத் தின்னுட்டு இருந்திருப்பேன்.’

‘அது நல்லா இருந்திருக்காதா?’

‘உங்கக்காவுக்கு நல்லா இருந்திருக்கும்’ என்றவர் ஓட்டைப் பக்கம் இன்னும் குனிந்தார். பிறகு, ‘அவரு அங்க உக்காந்து ஏன் ஓடினா, ஏன் ஓடினான்னு சாகறவரைக்கும் கேட்டுட்டு இருந்திருப்பாரு. எனக்கு மட்டும் பதில் தெரியும். எப்படிச் சோறு இறங்கும் சொல்லு’ என்றார்.

‘அப்ப சுவர எடுத்துடட்டுமா?’

‘எடுக்காதே! ஆறு மாசம் அவ அந்தக் கணப்புப் பக்கத்துல உக்காந்து நடுங்கினத நான் பார்த்தவன். சுவர் வை. ஒரு கதவும் வை.’

நேரம் முடிந்துவிட்டது. ரயிலில் திரும்பும்போது வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு அறைக்கும் பின்பக்கம் இன்னொரு கதவு, இரண்டும் ஒரு பொதுக் கூடத்தில் திறக்கும். உள்ளிருந்து மட்டும்தான் திறக்கலாம். யாரும் யாரையும் தேடி உள்ளே வர முடியாது. வெளியே வர விரும்பினால் வரலாம், அங்கே எதிரே யாராவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீ சம்மதித்தால்தான் அனுப்புவேன்.

கியோஹிகோ


இசோகாமி
டிசம்பர் 10

தம்பிக்கு,

முதல் பனி விழுந்தது. நலமாக இருக்கிறேன்.

கதவு வைத்துக்கொள். நான் அதைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் எல்லாரும் நான் இல்லையே.

புத்தாண்டுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி ஊறவைத்துப் பழகிவிட்டது. கூரைப் பனியை நீதான் தள்ள வேண்டும். உனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது, அதை மறந்துவிடாதே.

ஃபுசாயோ


இசோகாமி
மார்ச் 22, 2009

அன்புள்ள தம்பிக்கு,

பிளம் பூத்து முடியப்போகிறது. உன் மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறாயா? இரண்டு புத்தாண்டும் இங்கே வந்து ஏணி ஏறினவனுக்கு இரத்த அழுத்தம் என்றால் எனக்குத்தான் பழி. அத்தான் திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. மீன் சந்தையில் பெட்டி அடுக்குகிறார். வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, சைக்கிளில்தான் போகிறார்.

புதிய நீதிமன்றத்தை நேற்று ஊர்க்காரர்கள் பார்க்கத் திறந்து வைத்திருந்தார்கள். நீ வரக் கூடாது என்று செகிமோத்தோ ஐயா சொன்னது சரிதான். ஆனால் வந்திருந்தால் பார்த்திருப்பாய். கூட்டம், குழந்தைகள் நீதிபதி நாற்காலியில் உட்கார வரிசையில் நின்றார்கள். நானும் யசுஹாருவும் போனோம். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ‘நீ போய்ப் பாரு. நான் பார்த்தாச்சு’ என்றார். புதுக் கட்டடத்தை எங்கே பார்த்தார்? நான் வாதாடவில்லை.

படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி. கழிப்பறைக்கு யார் முழங்காலையும் தாண்ட வேண்டாம். குற்றம்சாட்டப்பட்டவர் வீட்டாருக்கான அறையில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நல்ல அறை. தரை சூடாக இருந்தது. சத்தமே இல்லை. நீ சொன்ன கதவைப் போய்ப் பார்த்தேன். அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘தீ விபத்தின்போது மட்டும் திறக்கவும்.’ கைப்பிடிக்கு மேலே பிளாஸ்டிக் மூடி போட்டுத் திருகியிருக்கிறார்கள். அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டேன். ‘பாதுகாப்புக்குங்க. ரெண்டு தரப்பும் வெளிய வந்து ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?’ என்றார். சின்னப் பையன், நல்ல மரியாதை. நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

வெளியே வரும்போது முன் கூடத்தில் நிஷியோகாவைப் பார்த்தேன். மனைவியும் கூட இருந்தார். நான் குனிந்து வணங்கினேன். அவரும் வணங்கினார். இரண்டு பேருமே நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டோம்.

‘உங்க வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா?’

‘வெளியில நிக்கறாரு. உள்ள வர மாட்டேன்னுட்டாரு.’

‘நானும் வர வேணாம்னுதான் சொன்னேன். இவ கேக்கல’ என்று மனைவியைக் காட்டினார். பிறகு ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பெண்களும் நீ வைத்த பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் சாலைக்கும் நடுவில், சரளைக்கல் கொட்டிய ஒரு துண்டு இடம். உன் வரைபடத்தில் அதற்குப் பெயர் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். யசுஹாரு அங்கே நின்றிருந்தார். நிஷியோகா போனதும் இவர் இடுப்பு வரை குனிந்தார். அவர் கையைக் காட்டி நிமிரச் சொன்னார். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு முறை நிஷியோகாவின் தலை அசைந்தது. இவர் என்னவோ சொன்னார், நீளமாக. அவர் கேட்டார்.

‘என்ன பேசறாங்க?’ என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

‘தெரியலைங்க.’

‘நானும் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க.’

நான் கேட்கவில்லை. வீடு வரைக்கும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டார், வந்த நாளிலிருந்து முதல் முறையாக.

விடுமுறைக்கு வா. மாத்திரையை மறக்காதே.

அக்கா ஃபுசாயோ